சீஸ் குச்சி சொல்லிக்கொடுத்தவர்

புதுக்கோட்டையிலிருந்து கீரனூருக்கு நான் ஏறிய திருச்சி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் அவர். முன்கை முழுக்க எண்ணெய் தெறித்த வடுக்கள். அவற்றைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். என் மடியிலிருந்த சீஸ் பாக்கெட்டைப் பார்த்து, "பொரிக்கவா?" என்றார்.

"மகளுக்குங்க. போன தடவை எண்ணெயில வெடிச்சு ஒழுகிருச்சு."

"குச்சி குச்சியா வெட்டி, மைதாக் கரைசல்லயும் ரொட்டித்தூள்லயும் ரெண்டு வாட்டி பொரட்டுங்க. ஃப்ரீசர்ல ஒரு மணி நேரம் வச்சுட்டு, நல்லாக் காஞ்ச எண்ணெயில போட்டு ஒடனே எடுத்துருங்க."

குவைத்தில் ஒரு ஓட்டலில் தினமும் அதைத்தான் பொரிக்கிறாராம். லீவு முடிந்து திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"வீட்டுல செஞ்சு குடுத்தீங்களா?"

"மக கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. அடுப்பப் பாத்தாலே அலுப்பா இருந்துச்சுங்க. நாளைக்கு, நாளைக்குன்னே லீவு போயிருச்சு."

கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்கு போன் போட்டு, எனக்குச் சொன்னதையே மகளுக்கும் சொன்னார். "நீங்க எப்பப்பா செஞ்சு தருவீங்க?" என்ற குரல் எனக்கும் கேட்டது.

"சிக்னல் இல்லத்தா" என்று வைத்துவிட்டார்.

அன்று மாலை நான் பொரித்ததில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. மகள் ஆசையாகத் தின்றாள். எனக்குத்தான் ஒன்றுக்கு மேல் இறங்கவில்லை.