சிசிலி மாற்றிய கியர் ஆயில்

பூப்பாறைக்கு மேலே உள்ள தேயிலை எஸ்டேட் ஒன்றில், ஃபாக்டரிக்குப் பின்புறம் வரிசையாக நிற்கிற லயத்து வீடுகளில் கடைசி வீடு சிசிலியுடையது. ஃபாக்டரியில் தூளைச் சலித்துத் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. அது சம்பளத்துக்கான வேலை. அவளுக்குப் பிடித்த வேலை வேறு. மிக்ஸி சுற்றாமல் நின்றாலும், குழாய் ஒழுகினாலும், தையல் மெஷின் நூலை அறுத்தாலும், உட்கார்ந்து கழற்றிப் போட்டு, என்ன கோளாறு என்று கண்டுபிடித்து, மறுபடி மாட்டிவிடுவாள். லயத்துப் பெண்கள் குக்கரைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள். “சிசிலி கை பட்டா சரியாயிரும்” என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு காதில் விழும்போது அவள் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ள மாட்டாள். உள்ளே குளிர்ந்துபோகும்.

வீட்டில் ஒரு பழைய ஆல்டோ கார் இருந்தது. அவள் பேரில் வாங்கியது. அவளுக்கும் ஓட்டத் தெரியும் என்றாலும், அதை வைத்துப் பிழைத்தவன் அதே வீட்டில் இருந்த, அவள் புருஷன் ஏசுரத்தினத்தின் தம்பி ரிஜின். கீழே ஹோம்ஸ்டே நடத்துகிற மலையாளி ஜோஜோ, வருகிற விருந்தாளிகளை அழைத்துவரவும் சுற்றிக்காட்டவும் ரிஜினைத்தான் கூப்பிடுவான். ரிஜினுக்கு அந்த வேலை பெரிய விஷயம். சின்ன வயதில் எஸ்டேட் டிராக்டரை எடுத்துக் கால்வாயில் இறக்கியவன் என்ற பெயர் அவனை விடவே இல்லை. ஏசுரத்தினம் அதை எந்தச் சண்டையிலும் ஒருமுறை இழுத்துவிடுவார். ஜோஜோ கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் ரிஜின் தினமும் சவரம் செய்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலை நிமிர்ந்து நடந்தான்.

போன மழைக்காலம் முடிகிற நேரத்தில் கார் கியர் மாறும்போது முரண்டு பிடித்தது. “மதினி, ரெண்டாவது கியர் விழவே மாட்டேங்கு” என்றான் ரிஜின். சிசிலி போனில் வீடியோக்களைத் தேடிப் பார்த்தாள். கியர்பாக்ஸுக்கென்று தனி எண்ணெய் உண்டு, அதை இத்தனை வருடமாக யாரும் மாற்றவில்லை என்று தெரிந்தது. வீட்டிலேயே மாற்றலாம் என்றும் ஒருவர் செய்து காட்டினார்.

“வர்க்‌ஷாப்ல விடு. மிக்ஸி இல்ல இது. உன் விளையாட்ட இதுல வச்சுக்காத” என்றார் ஏசுரத்தினம்.

விளையாட்டு என்ற சொல் அவளுக்குத் தைத்தது.

ரிஜின் ஒரு கல்யாணத்துக்காகப் போடிக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும், ஏசுரத்தினம் ஃபாக்டரியில் பாய்லர் ஷிப்டுக்குக் கிளம்பியதும், சிசிலி பழைய நைட்டி ஒன்றை மாட்டிக்கொண்டு வேலையில் இறங்கினாள். எண்ணெய் இளகட்டும் என்று வண்டியை, ஆள் கணக்கெடுக்கிற மஸ்டர் கொட்டகை வரை ஓட்டிவிட்டு வாசலுக்குக் கொண்டுவந்தாள். நான்கு சக்கரத்தையும் பலகைக் கல்மேல் ஏற்றி வண்டியைச் சமமாக நிறுத்தினாள். எண்ணெய் ஊற்றுகிற மேல் போல்ட்டை முதலில் கழற்றிப் பார்த்தாள். அது திறக்காமல் போய், கீழே எண்ணெயை வடித்துவிட்டால் வண்டி அம்போவென்று நிற்கும் என்று வீடியோக்காரர் எச்சரித்திருந்தார். திறந்தது. பிறகு அடியில் படுத்து, வடிகிற போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிக் காலால் உதைத்தாள். கறுத்த எண்ணெய், அழுகிய முட்டை நாற்றத்தோடு, பழைய பேசினில் விழுந்தது. போல்ட்டின் முனையில் இரும்புத் தூள் சேறு மாதிரி அப்பியிருந்தது. அதைத் துணியால் துடைத்தபோது அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

துடைத்தபோதுதான், எண்ணெய் கசியாமல் தடுக்கிற செப்பு வாஷர் போல்ட்டிலிருந்து நழுவியது. கல்லில் பட்டு ஒரு சத்தம். அவ்வளவுதான். கீழே தேயிலைச் சரிவில் எங்கேயோ போய்விட்டது. குனிந்தும் தவழ்ந்தும் தேடினாள். தூறல் விழ ஆரம்பித்தது. வேறு வாஷர் கையில் இல்லை. பழைய வாஷரை மறுபடி போடக்கூடாது, புதிதாகத்தான் போட வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். வாஷரே இல்லாமல் போடுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நன்றாக இறுக்கினால் போதும் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். பலம் கொண்ட மட்டும் இறுக்கினாள். நீளமான பிளாஸ்டிக் குழாயும் புனலும் வைத்து, மேல் துளை வழியாகப் புது எண்ணெயை அது வழிகிற வரை ஊற்றினாள். எல்லாவற்றையும் கழுவி வைத்தபோது மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் ரிஜின் வண்டியை எடுத்துப் போய்விட்டு வந்து, “மதினி, கியர் சும்மா வழுக்கிட்டுப் போகுது. என்ன பண்ணுனீய?” என்றான்.

“ஜெபம் பண்ணுனேன்” என்றாள் சிசிலி. அவன் சிரித்தான். ஏசுரத்தினம் நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லி அவரை வாயடைக்க வைக்கலாம் என்று நினைத்திருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் வாசலில் கார் நின்ற இடத்தில் ஒரு கறையைப் பார்த்தாள். உள்ளங்கை அகலம். அன்று சிந்தியது கசிகிறது போல என்று நினைத்தாள். அடுப்புச் சாம்பலை ஒரு கரண்டி கொண்டுவந்து தூவி, காலால் தேய்த்துவிட்டாள். இரண்டு மூன்று நாளில் மறுபடியும் கறை. மறுபடியும் சாம்பல். குனிந்து அடியில் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அவள் குனியவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் புருஷனிடம் சொல்ல வேண்டிவரும், வண்டியை வர்க்‌ஷாப்புக்குத் தள்ள வேண்டிவரும். காலையில் ரிஜின் எழுந்து வருவதற்கு முன்னால் சாம்பல் போடுவது அவளுக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை கோயம்புத்தூர்க்காரக் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு ரிஜின் மலையேறும்போது கியர்பாக்ஸ் ஊளையிட ஆரம்பித்தது. ஓரமாக நிறுத்த இடம் தேடுவதற்குள், வளைவில், உள்ளே ஏதோ உடைந்த சத்தத்தோடு முன்சக்கரங்கள் இறுகி, வண்டி குலுங்கி நின்றது. பின்னால் வந்த பஸ் டிரைவர் சாமர்த்தியசாலி. ஒரு முழம் இடைவெளியில் பிரேக் பிடித்து நிறுத்தினார். ஆனால் பின்சீட்டில் இருந்த அம்மாள் முன்சீட்டுக் கம்பியில் மோதி நெற்றி கிழிந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். அங்கே வந்த ஜோஜோ, எல்லாரும் பார்க்க ரிஜினை வாய்க்கு வந்தபடி பேசி, இனி வராதே என்று சொல்லிவிட்டான்.

வண்டியைப் பூப்பாறையில் ரமேஷ்குமாரின் வர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனார்கள். ரிஜினோடு சிசிலியும் போயிருந்தாள். ரமேஷ்குமார் அடியிலிருந்து எழுந்து வந்து கையைத் துடைத்தான்.

“கியர்பாக்ஸ்ல பேருக்குக்கூட எண்ணெய் இல்ல. அடி போல்ட் கசிஞ்சு எல்லாம் போயிருக்கு. கல்லுல கில்லுல தட்டுனியாடே?”

சிசிலி வாயைத் திறப்பதற்குள் ரிஜின் பேசினான்.

“ஆமாண்ணே. ஜீப்பு மட்டும் போற கல்ரோட்டுல ஒருநாள் கொண்டுபோனேன். விருந்தாளிய ரொம்பக் கேட்டாவ. அடி ஒருதடவ தட்டுச்சு. நான் இறங்கிப் பாக்கல.” அவன் சிசிலியின் பக்கம் திரும்பினான். கண் கலங்கியிருந்தது. “மன்னிச்சிருங்க மதினி. உங்க வண்டிய நான்தான் கெடுத்துட்டேன்.”

அப்போது சொல்லியிருக்கலாம். வர்க்‌ஷாப்பில் மூன்று பேர்தான் இருந்தார்கள். சிசிலி, “சரி, விடு ரிஜினு” என்றாள். மன்னிக்கிற குரலில் சொன்னாள். அந்தக் குரல் பிற்பாடு அவளைத் தூங்கவிடவில்லை. தப்பு செய்தவள் மன்னித்துவிட்டு வந்திருக்கிறாள்!

ஏசுரத்தினம் தம்பியிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். “டிராக்டர இறக்குனப்பவே எனக்குத் தெரியும்ல, உன்ட்ட பொறுப்பே கிடையாது” என்றார். ரிஜின் எதிர்த்துப் பேசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அடுத்த வாரமே ஏலக்காய்த் தோட்டம் ஒன்றில் மருந்தடிக்கிற வேலைக்குப் போனான். சாயந்திரம் கண் சிவந்து, இருமிக்கொண்டு வருவான். அவனுக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுப்பாள், மீனில் பெரிய துண்டாகப் பார்த்துப் போடுவாள். “மதினி மாதிரி உண்டுமா” என்று அவன் பக்கத்து வீட்டில் சொன்னது அவள் காதுக்கு வந்தது.

கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றாள். முறை வந்ததும் மண்டியிட்டு, கோபப்பட்டது, ஜெபத்தைத் தவறவிட்டது, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் புறம் பேசியது என்று வரிசையாகச் சொன்னாள். “வேறு ஏதாவது உண்டா?” என்று சாமியார் கேட்டார். “இல்ல சாமி” என்றாள். பாவத்தை மறைத்துவிட்டு நற்கருணை அப்பம் வாங்க அவள் துணியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கியபோதும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கியர்பாக்ஸ் சரியாகி வண்டி வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ஏசுரத்தினம் சாவியை எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் அப்படியெல்லாம் செய்கிறவர் இல்லை.

“இனிமே நீயே ஓட்டு. ஜோஜோட்ட நான் பேசுதேன். உனக்குப் பொறுப்பு உண்டு. இவன மாதிரி இல்ல.”

ரிஜின் தலையைக் குனிந்துகொண்டு குழம்பைப் பிசைந்தான்.

“நான்தான்” என்றாள் சிசிலி.

“என்னது?”

“கியர் ஆயில நான் மாத்துனேன். இவன் போடிக்குப் போயிருந்தப்ப. வாஷர் விழுந்துருச்சு. வாஷர் இல்லாமலே போல்ட்ட மாட்டிட்டேன். அதுலதான் எண்ணெய் போயிருக்கு. ரிஜின் கல்லுல தட்டுனதுக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்ல.”

ஏசுரத்தினத்தின் கை தட்டில் அப்படியே நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் தம்பியைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், பிறகு தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடிக்காமல் கீழே வைத்தார்.

ரிஜின் மெதுவாகக் கேட்டான்: “எண்ணெய் சொட்டுனது உங்களுக்குத் தெரியுமா மதினி?”

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். அவன் நம்பிவிடுவான். அவன் எதையும் நம்புகிறவன்.

“தெரியும். வாசல்ல கறை பட்டுச்சு. சாம்பலப் போட்டு மூடுனேன். நீ எந்திரிக்கதுக்கு முன்னாடி.”

“வாஷர் போனா போயிட்டுப் போகுது. யாருக்கும் விழும்.” அவன் குரல் உடைந்தது. “நான் அந்த வண்டியில ஆள ஏத்திட்டுப் போறேன்னு தெரிஞ்சே தெனமும் மூடுனீயளா?”

ரிஜின் எழுந்து கை கழுவிவிட்டு வெளியே போனான். ஏசுரத்தினம், “அவன நான் என்னெல்லாம் சொல்லிட்டேன்” என்றார். அவளைத் திட்டவே இல்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து அவளே ஜோஜோவின் ஹோம்ஸ்டேக்கு இறங்கிப் போனாள். முழுவதையும் சொன்னாள். ஜோஜோ நாற்காலியை இழுத்துப் போட்டான், அவள் உட்காரவில்லை.

“சேச்சி, இது அன்னைக்கே பறஞ்சிருக்கலாமே. அந்தப் பையன நான் கெஸ்ட் முன்னாடி வச்சு என்ன பேச்சுப் பேசிட்டேன்!”

கோயம்புத்தூர் அம்மாளின் போன் நம்பரை அவனிடமே வாங்கிப் பேசினாள். அந்த அம்மாள், “டிரைவர் தம்பி அன்னிக்கு ஆஸ்பத்திரில அழுதுட்டே நின்னானுங்க. அவன்கிட்டச் சொல்லிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றதும் போனை வைத்துவிட்டார். தன் நெற்றியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜோஜோ தானே லயத்துக்கு வந்து ரிஜினைக் கூப்பிட்டான். ரிஜின் போனான், ஆனால் ஜோஜோவின் சொந்த வண்டியைத்தான் ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டான். ஆல்டோவின் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஏசுரத்தினம் டிராக்டர் கதையை அதன் பிறகு எடுப்பதில்லை. லயத்துப் பெண்கள் இப்போதும் குக்கரைக் கொண்டுவருகிறார்கள். சிசிலி சரிசெய்து கொடுக்கிறாள். “உன் கை பட்டா” என்று அவர்கள் ஆரம்பிக்கும்போது உள்ளே எழுந்து போய்விடுகிறாள்.

ரிஜின் அவளோடு பேசாமல் இல்லை. சாப்பிட வருகிறான், மதினி என்றுதான் கூப்பிடுகிறான். போன மாதம் அவளுக்குப் பல்வலி வந்து முகம் வீங்கியபோது, அவன்தான் ஆல்டோவை எடுத்து அடிமாலிக்கு அழைத்துப் போனான். கிளம்புவதற்கு முன் வண்டியின் அடியில் தரையோடு தரையாகக் குனிந்து, போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு இடமாகப் பார்த்தான். அவளைக் குத்துவதற்காகச் செய்யவில்லை. எந்த வண்டியை எடுத்தாலும் இப்போது அப்படித்தான் செய்கிறான். சிசிலி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவன் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, “ஏறுங்க மதினி” என்றான். அவள் முன்சீட்டில் ஏறாமல், பின்கதவைத் திறந்து, அன்று கோயம்புத்தூர் அம்மாள் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.