ஐந்து பேருக்கும் ஒரே வாக்கியம்

வேலைக்கு ஆள் எடுக்கும் குழு விவாதத் தேர்வில் இரண்டு முறை வாயே திறக்காமல் வெளியே வந்தவள் அமிர்தம். பட்டம் வாங்கியவள். நைனார்பாளையத்தில் அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். மூன்றாவது முறையும் தவறினால் ஜவுளிக்கடை வேலைதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

கள்ளக்குறிச்சியில் செல்போன் கடை மாடியில் இந்தத் தேர்வுக்குப் பயிற்சி நடத்தினார் ராஜாங்கம். "இன்னா அமிர்தம், வாயில கொழுக்கட்டையா? மொத ஆளா பேசணும். 'இதுக்கு ரெண்டு பக்கம் இருக்குது'ன்னு ஆரம்பி!" எல்லோருக்கும் அதையேதான் சொல்லிக்கொடுத்தார்.

தேர்வன்று அமிர்தத்தோடு சேர்த்து அவரிடம் படித்த ஐந்து பேர் ஒரே பேருந்தில் வந்து, வரிசையில் சேர்ந்தே நின்றார்கள். அதனால் ஒரே குழுவில் விழுந்தார்கள். ஆறாவது ஆள் வெள்ளிமலையிலிருந்து வந்த ராசு. பயிற்சிக்கே போகாதவர்.

பள்ளியில் செல்போன் வேண்டுமா என்பது தலைப்பு. "இதுக்கு ரெண்டு பக்கம் இருக்குது" என்று ஐந்து குரல்கள் ஒன்றாக எழுந்தன. அதிகாரி சிரித்துவிட்டார். அப்புறம் யாருக்கும் பேச்சு வரவில்லை.

அமிர்தத்துக்கும் பாடம் செய்தது மறந்துபோனது. எதிரே ராசு கைகளை மேசைக்கு அடியில் ஒளித்து உட்கார்ந்திருந்தார். போன இரண்டு முறையும் அவளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, உங்க ஊர்ல டவர் கெடைக்குதா?" என்று அவரைக் கேட்டாள்.

"பாறை மேல ஏறுனா கெடைக்கும். கொரோனா அப்ப பசங்க அங்க ஏறித்தான் பாடம் படிச்சுதுங்க."

"மழ வந்தா?"

"எறங்கி ஓடிடும்ங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு பேச்சு தானாக ஓடியது.

அமிர்தமும் ராசுவும் தேர்வானார்கள். ராஜாங்கம் அவள் படத்தோடு பேனர் வைத்தார். அடுத்த வகுப்பிலேயே புதுப் பாடம்: "கம்முனு இருக்கறவங்கள கேள்வி கேக்கணும்."

இரண்டு மாதம் கழித்து, ராஜாங்கத்திடம் அவளோடு படித்த ஆண்டாள் போனில் பொரிந்து தள்ளினாள். "உன்னாலதான்டி! ஆறு பேரும் 'நீங்க இன்னா நெனைக்கிறீங்க, நீங்க இன்னா நெனைக்கிறீங்க'ன்னு கேட்டுக்கினே இருந்தோம். பதில் சொல்லத்தான் ஆளில்ல. போச்சு!"

அமிர்தத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "சரி, இன்னா தலைப்பு?"

"கல்யாணத்துல செலவ கம்மி பண்ணலாமான்னு."

"உங்க அக்கா கல்யாணத்துல இன்னாடி ஆச்சு?"

"அத ஏன் கேக்கற..." என்று ஆரம்பித்த ஆண்டாள், அமிர்தத்தின் ஆபீஸ் சாப்பாட்டு நேரம் முடிந்தும் நிறுத்தவில்லை.

"இதத்தான்டி அங்க பேசியிருக்கணும்" என்றாள் அமிர்தம்.