செபாஸ்டியனின் அசையாத முள்

மலாய்க் கரையோரத் தீவில், ஜார்ஜ் டவுன் துறைமுகக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த செபாஸ்டியனுக்கு, ஊர் திரும்பிய கப்பல் அதிகாரி ஒருவர் தன் காற்றழுத்தமானியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வாக்கில் நடந்தது இது. அழுத்தம் குறைந்து முள் இறங்கினால் புயல் என்று அதன் வட்டத்தட்டில் எழுதியிருந்தது.

முள் தினமும் பிற்பகலில் சற்று இறங்கியது. முதல் வாரம் அவர் படகுத்துறைக்கு ஓடிப்போய்க் கத்தினார். வெயில்தான் அடித்தது. சம்பான் என்னும் சிறுபடகு ஓட்டுபவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

அவர் விடவில்லை. பல மாதம் பார்த்தபின் ஒன்று விளங்கியது. கடல் வற்றி ஏறுவதுபோல இங்கே காற்றின் கனமும் நாள்தோறும் கொஞ்சம் குறைந்து கூடுகிறது. அதற்கும் மழைக்கும் சம்பந்தமில்லை. கணக்கு சரிதான். அந்தக் கர்வத்தில், வழக்கத்தை மீறி முள் இறங்காதவரை ஆபத்தே இல்லை என்றும் முடிவு கட்டிக்கொண்டார்.

ஒரு காலை, அவர் மனைவி அமலம்மாள் எதிர்க்கரையில் பாகான் டாலாமில் பிரசவத்துக்குக் காத்திருந்த தங்கை ஜூலியானாவைப் பார்க்கக் கிளம்பினாள். துறையில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“மலைக்கு மேல கறுப்பா வளைஞ்சு நிக்குதுங்க. நாளைக்குப் போறேனே.”

“முள்ளு அசையவே இல்லை. மேகத்தப் பாத்துப் பயப்பட நீ என்ன பட்டிக்காடா? ஏறுலா!” என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. சிலர் சிரித்தார்கள். இந்த முறை அவளைப் பார்த்து.

அவள் ஏறினாள். நடுக்கடலில், சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று பாயும் சூறையான சுமத்ரா காற்று விழுந்தது. சம்பான்காரர் இப்ராஹிம் கவிழ்ந்த படகைப் பிடித்துப் பிழைத்தார். அமலம்மாளின் உடல் மறுநாள் பாகான் ஆஜாம் கரையில் ஒதுங்கியது. அதற்குள் ஜூலியானாவுக்குப் பெண் பிறந்திருந்தது.

கல்லறையில் ஜூலியானாவின் கணவன் ஆர்தர் செபாஸ்டியனின் காதருகே குனிந்தான். “இப்ராஹிம் எல்லாத்தையும் சொன்னாரு, அண்ணே. நாளைக்குப் போறேன்னு அக்கா கேட்டாங்கதானே? கேலி பண்ணி ஏத்தி விட்டிருக்கீங்க.”

செபாஸ்டியன் அடுத்தடுத்து வந்த காற்றுகளின்போது முள்ளின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். ஒருமுறைகூட முள் முன்னதாக இறங்கவில்லை. கூரை அதிர்ந்த பிறகே விசுக்கென்று மேலே ஏறியது. மழைமேகத்திலிருந்து குளிர்ந்த, கனத்த காற்று கீழே கொட்டுவதால் வரும் ஏற்றம் அது. முள் சொல்வதற்குள் காற்று வந்துவிடும்.

துறைக்குப் போய் அதைச் சொன்னார். “முள்ள நம்பாதீங்க. மலைப்பக்க மேகத்தப் பாருங்க.”

இப்ராஹிம் துடுப்பைத் துடைத்தபடி, “அதான் அக்கா அன்னைக்கே சொன்னாங்களே, அண்ணே” என்றார்.

கிறிஸ்துமஸுக்குக் குழந்தைக்குச் சட்டை வாங்கிக்கொண்டு செபாஸ்டியன் பாகான் டாலாம் போனார். ஜூலியானா வாசலிலேயே சட்டையை வாங்கிக்கொண்டாள்.

“பிள்ளைய ஒரு தடவ பாத்துட்டுப் போறேம்மா.”

“தூங்குது” என்றாள். உள்ளே குழந்தை சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் கதவைச் சாத்தினாள்.