ஊருக்கெல்லாம் ஜாக்கெட் சொன்னவர்

இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, போலீஸிடம் பிடிபட்டவர் போலக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார் மெதெர்பெக். கையைத் தூக்கினால் ஜாக்கெட்டின் அடிப்பக்கம் இடுப்புக்கு மேலே ஏறுகிறதா என்று பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்தார். எழுந்து, கையோடு கொண்டுவந்திருந்த முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நடை போட்டார். கடைசியில் ஜாக்கெட்டைக் கழற்றிச் சுருட்டி, அதன் பைக்குள்ளேயே அதைத் திணித்து, ஒரு பன் அளவுக்கு ஆக்கி உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்தார்.

"அசில்கான், ஒரு டம்ளர் தண்ணி கொடும்மா."

"குடிக்கவா, ஊத்தவா?" என்றாள் கடைக்காரி.

"ஊத்தத்தான். சட்டைக்கையில மட்டும்."

"அண்ணே, போன வாரமும் இதே ஜாக்கெட்டத்தான் குளிப்பாட்டினீங்க. அதுக்குச் சளி பிடிச்சுக்கப்போகுது."

எங்கள் மலையடிவார ஊரான கரகோலின் பஜாரில் மெதெர்பெக் தனக்கொரு ஜாக்கெட் தேடத் தொடங்கி அதற்குள் மூன்று குளிர்காலங்கள் போயிருந்தன. எடை குறைவாக இருக்க வேண்டும், உள்ளே செயற்கைப் பஞ்சு இருக்க வேண்டும், மலைக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும். கேட்டால் சின்ன விஷயம்தான். ஆனால் எந்த ஜாக்கெட்டும் அவரிடம் தேறவில்லை. ஒன்றில் தையல் வரிசை நெருக்கம்: "ஒவ்வொரு தையலும் காத்துக்கு ஒரு வாசல்." இன்னொன்றில் தலைமூடி பெரிது: "இதுக்குள்ள ரெண்டு பேர் தலை வச்சுப் படுக்கலாம்." வேறொன்றில் எல்லாம் சரி, பக்கப்பைகள் மட்டும் தாழ்ந்துவிட்டன, முதுகுப்பையின் இடுப்புப் பட்டை கட்டினால் கை நுழையாது.

தொழிலில் அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், நான் உட்பட. நாற்சந்தியில் நாம் தயங்கினால் பக்கத்து இருக்கையிலிருந்து இடி விழும்: "முடிவெடு! போறியா, நிக்கிறியா? உன் மனசு தெளியுற வரைக்கும் லாரிக்காரன் டீ குடிச்சிட்டு இருப்பானா?" இதே மனிதர் மாலையில் பஜாருக்குப் போய், கறுப்பா கருநீலமா என்று தெரியாமல் வெறுங்கையோடு வீட்டுக்கு வருவார்.

ஆனால் அடுத்தவருக்கு என்றால் தெளிவு பிறந்துவிடும். எங்கள் ஞாயிற்றுக்கிழமை மலை நடைக் கூட்டத்தில் எல்லோரும் போட்டிருப்பது அவர் சொல்லி வாங்கிய ஜாக்கெட்தான். ரொட்டிக்கடை சபருக்கு வியர்க்கிற உடம்பு என்று மெல்லிசாக ஒன்று. எனக்குக் குளிர் தாங்காது என்று கொஞ்சம் கனமாக ஒன்று. "வாத்து இறகு மகாராணி மாதிரிடா. ஒரு சொட்டுத் தண்ணி பட்டாப் போதும், சுருண்டு படுத்துக்கும். செயற்கைப் பஞ்சு கழுதை. நனைஞ்சாலும் சுமக்கும்" என்பார். இதைக் கேட்காதவர் எங்கள் தெருவில் இல்லை. அடைத்த பஞ்சின் கனத்தை அறுபது கிராம், நூறு கிராம் என்று சொல்வது ஜாக்கெட் வியாபாரத்தில் வழக்கம். எங்கள் பக்கத்தில் நூறு கிராம் என்றால் வோட்கா. ஒரு கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஒருவரின் சட்டைக்கையை இரு விரலால் நசுக்கிப் பார்த்து, "நூறு கிராமா?" என்று கேட்டார். அந்த நல்ல மனிதர் உடனே ஊற்றிக் கொடுத்துவிட்டார்.

அவர் சொல்லாமல் ஜாக்கெட் வாங்கியது ஒரே ஒரு ஆள், அவர் மனைவி பெகிமாய். குழந்தைகள் மருத்துவமனையில் நர்ஸ். ஒருநாள் வேலை முடிந்து வருகிற வழியில் செங்கல் நிறத்தில் ஒன்றைப் பார்த்தாள், போட்டாள், அதோடு வீட்டுக்கு வந்தாள்.

"ஏன் இத வாங்குன?"

"கலர் நல்லா இருந்துச்சு."

மெதெர்பெக் அன்று இரவு சாப்பிடவில்லை.

அவர் உடம்பில் இருந்தது என்ன என்று கேட்கிறீர்களா? இரண்டு பருத்தி ஸ்வெட்டர், மேலே காற்றைத் தடுக்க, சாயம் போன ஒரு காற்றுச் சட்டை. பருத்தி நனைந்தால் ஆபத்து என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். சுட்டிக்காட்டினால் கோபம் வரும். "இது தற்காலிக ஏற்பாடு. அவசரப்பட்டு வாங்குனா ஆயுசு முழுக்க வருத்தப்படணும்."

போன அக்டோபரில் ஒரு ஞாயிறு, மலை மேலிருக்கும் ஏரிக்குப் போனோம். மெதெர்பெக், பெகிமாய், சபர், நான். போகும்போது வெயில். ஏரிக்கரையில் போர்சோக் என்கிற பொரித்த மாவுத் துண்டுகளும் காய்ந்த தயிர் உருண்டையும் தின்றபடி, மெதெர்பெக்கின் தலைமூடி ஆராய்ச்சியைக் கேட்டோம். திரும்புகிற வழியில் மேகம் வந்து மூடிக்கொண்டது. முதலில் மழை, பிறகு மழையும் பனியும் கலந்த சேறு போன்ற ஒன்று, பக்கவாட்டில் அடித்தது. நாங்கள் மூவரும் ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டோம். வெளியே நனைந்தாலும் உள்ளே சூடு நின்றது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

"பாத்தியா? பாத்தியாடா சபர்? கழுதை!" என்று முன்னால் போனவர் திரும்பிக் கத்தினார், குளிரில் பல் தந்தியடிக்க.

கொஞ்ச தூரத்தில் அவர் பேச்சு நின்றது. உண்மையைச் சொல்ல வேண்டும், எங்களுக்கு அது நிம்மதியாக இருந்தது. சபர் வானத்தைப் பார்த்துக் கும்பிடு போட்டான். மெதெர்பெக் மெல்லப் பின்தங்கி எங்களுக்கு நடுவில் வந்து, பிறகு கடைசியாக வந்துகொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் சபருக்கே போரடித்துவிட்டது. அவரைச் சீண்டினால் பொழுது போகும் என்று நினைத்தான்.

"மெதெர் அண்ணே! என் மச்சானுக்கு ஒரு ஜாக்கெட் எடுக்கணும். தலைமூடி வச்சதா, வைக்காததா?"

பின்னாலிருந்து மெதுவாகப் பதில் வந்தது. "ஏதாவது ஒண்ணு எடு. எல்லாம் ஒண்ணுதான்."

சபரும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். பெகிமாய் சிரிக்கவில்லை. சட்டென்று திரும்பி, சறுக்குகிற மேட்டில் ஓடினாள். கையுறையை உருவி எறிந்துவிட்டு அவர் கழுத்துக்குள் கையை விட்டாள்.

"நடுக்கம் நின்னுபோச்சு. உடம்புச் சூடு இறங்கிருச்சு" என்றாள். அவள் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. "இங்க பாருங்க. என்னைப் பாருங்க. நாம எங்க இருக்கோம்?"

மெதெர்பெக் சுற்றும் முற்றும் பார்த்தார். முகம் மெழுகு போல இருந்தது. "பஜார்ல" என்றார். "சீக்கிரம் வா. கடையச் சாத்திருவாங்க."

எங்கள் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

ஒரு பெரிய தேவதாரு மரத்தின் கீழே அவரை இழுத்துக்கொண்டு போனோம். அங்கே பனி அவ்வளவாக விழவில்லை. காற்றுச் சட்டையும் ஸ்வெட்டர்களும் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. உரித்து எடுக்க வேண்டியிருந்தது. சபர் தன் ஜாக்கெட்டைக் கழற்றினான். அதற்கு மேலே அவன் மழைச்சட்டை போட்டிருந்ததால் அது ஓரளவு காய்ந்தே இருந்தது.

"உனக்குடா?" என்றேன்.

"நான் அடுப்புல வெந்தவன். பேசாம அவருக்கு மாட்டு."

அதன் மேல் பெகிமாய் தன் செங்கல் நிற ஜாக்கெட்டைப் போட்டாள். அவருக்கு அது சின்னது, முன்பக்கம் சேரவில்லை. முன்பின்னாகத் திருப்பி, குழந்தைக்கு மார்புத்துணி கட்டுவது போல மாட்டிவிட்டாள். என் கம்பளித் தொப்பியை அவர் காது வரை இழுத்துவிட்டேன். எந்த ஜாக்கெட்டின் எந்தக் குறையையும் அவர் சொல்லவில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு கீழே இறங்கினோம். ஸ்வெட்டரோடு நடந்த பெகிமாய் வழியெல்லாம் அவரைக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். மகள் பேர் என்ன, கிளட்சு எந்தக் காலுக்கு, இறகு நல்லதா பஞ்சு நல்லதா. மகள் பேரைச் சொன்னார். கிளட்சைச் சொன்னார். மூன்றாவதுக்கு, "தெரியல" என்றார். பெகிமாய் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

காட்டிலாகா காவலரின் வீடு தெரிந்ததும் கத்திக் கூப்பிட்டேன். காவலர் கேள்வி கேட்காமல் அடுப்பில் விறகைத் திணித்தார். போர்வைக்குள் அவரை உட்கார வைத்து, ராஸ்பெர்ரி ஜாம் கரைத்த வெந்நீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தாள் பெகிமாய். முதலில் நடுக்கம் திரும்பி வந்தது. கிண்ணத்தின் விளிம்பு பல்லில் பட்டுக் கடகடவென்று அடித்தது. "நல்லது, நடுங்கட்டும்" என்றாள் அவள். வெகு நேரம் கழித்து அவர் முகத்தில் ரத்தம் ஓடியது. கண் திறந்து, குனிந்து, தன்னையே பார்த்தார்.

"சபர்..." என்றார்.

"சொல்லுங்கண்ணே."

"இந்தக் கழுத்து ஜிப்பு தாடையக் குத்துது. வாங்கும்போதே சொன்னேன்."

பெகிமாய் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, முக்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். "அப்புறம்? இன்னும் என்ன குறை? எல்லாத்தையும் சொல்லுங்க." அவர் சொன்னார். அவளுடைய ஜாக்கெட்டைப் பற்றியும் விரிவாகச் சொன்னார். யாரும் குறுக்கே பேசவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை பெகிமாய் அவரை அசில்கான் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சபரையும் என்னையும் சாட்சிக்கு வரச் சொல்லியிருந்தாள். மெதெர்பெக் ஒரு சாம்பல் நிற ஜாக்கெட்டைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார். அளவு சரி. எடை சரி. பக்கப்பை சரியான இடத்தில் இருந்தது. அவராலேயே குறை கண்டுபிடிக்க முடியவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அதில் கொஞ்சம் துக்கமும் இருந்தது. ஜிப்பில் கை வைத்தார்.

"தலைநகரத்துல, பிஷ்கெக்ல, பெரிய பஜார் இருக்கே" என்றார் மெதுவாக. "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்து..."

பெகிமாய் அவர் அருகே போய், அக்குளில் தொங்கிய விலைச்சீட்டைப் பிடித்து இழுத்து, அதன் பிளாஸ்டிக் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.