பாட்டிலுக்குப் பின்னால் இருந்த விளக்கு

அந்த விளக்கின் ஒயரைத் தளர்த்தியவன் நான்தான். ஸ்டெல்லாவின் கால் அதில் படவே இல்லை!

பெங்களூரில் விளம்பரப் படங்கள் எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றில் ஒன்பது வருடம் விளக்கமைப்பாளனாக இருந்தேன். ஃபிலிமில் படம் பிடித்த காலம். முதலாளி திவாகர்தான் புகைப்படக்காரர். எந்தப் பொருளுக்கு எந்தப் பக்கம் வெளிச்சம், எங்கே நிழல் என்று முந்தின நாளே காகிதத்தில் வரைந்து வைப்பவன் நான். பொத்தானை அழுத்துபவர் அவர்.

நான் வெளிச்சம் வரைந்து கொடுத்த ஒரு விளம்பரப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. விழாவுக்கு என் மனைவியையும் அழைத்துப் போயிருந்தேன். யாரோ ஒருவர் என்னைக் காட்டி விசாரித்தபோது திவாகர் சிரித்தார்.

“இவனா? நம்ம ஒயர் இழுக்கிற ஆளு சார். சொன்னத செய்வான், அவ்ளோதான்.”

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்... அன்று பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல் இன்றுவரை அணையவில்லை. அவரை ஒருநாள் நாலு பேர் முன்னால் கூனிக் குறுக வைக்காமல் விடுவதில்லை என்று கறுவினேன்.

நாள் வந்தது. ஒரு தலைமுடி எண்ணெய் விளம்பரம். கண்ணாடி பாட்டிலுக்குப் பின்னால் ஒரு ஃபிளாஷ் விளக்கு வைத்தால்தான் எண்ணெய் தேனாக ஒளிரும். சோதனைக்கு எடுத்த, எடுத்தவுடனே கையில் வந்துவிடும் போலராய்டு படம் பிரமாதமாக வந்தது. ஒவ்வொரு ஃபிலிம் சுருளுக்கும் முன்னால் இன்னொரு போலராய்டு எடுப்பது எங்கள் வழக்கம். ஆனால் கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் திவாகர் அதைத் தவிர்த்துவிடுவார். முதல் தடவையிலேயே எல்லாம் சரி என்று காட்டிக்கொள்ளும் மிதப்பு! அது எனக்குத் தெரியும்.

பின் விளக்கைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, அதை மற்ற ஃபிளாஷ்களோடு சேர்த்து மின்னல்போல வெட்ட வைக்கும் ஒயரைத் தளர்த்திவிட்டேன். அதற்குள் இருந்த சிறு பல்பு எரிந்துகொண்டேதான் இருந்தது; பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. மற்ற மூன்றும் பளீரென வெட்டும்போது நாலாவது வெட்டவில்லை என்று யார் கண்டார்கள்? அன்றும் போலராய்டு எடுக்காமலே ஆறு சுருள்கள்! ஒவ்வொரு வெட்டுக்கும் எனக்குள் எத்தனை குதூகலம்...

மறுநாள் கழுவி வந்த படங்களில், அந்த எண்ணெய் மெக்கானிக் கடையில் வடித்த கழிவு ஆயில் போலக் கறுத்துக் கிடந்தது. கம்பெனிக்காரர் கத்தினார். திவாகரின் முகம் வெளுத்தது. எவ்வளவு நேரம் தெரியுமா? ஒரு நிமிடம்... அதற்குள், பின் விளக்கு வெட்டவே இல்லை என்று புரிந்துகொண்டு அவர் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

“யாரு ஒயர தொட்டது?”

“பாட்டில் தொடைக்க ஸ்டெல்லாதான் பின்னாடி போச்சு. கால் பட்டிருக்கும்” என்றேன்.

எவ்வளவு சரளமாக வந்தது! என் நாக்கு கொஞ்சமாவது கூசியதா? இல்லை.

பாட்டிலைத் துடைத்து, அதன்மேல் நீர்த்துளிகளை ஒவ்வொன்றாக வைப்பது ஸ்டெல்லாவின் வேலை. ஈஜிபுராவில் அவள் குடும்பம் அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது. “நான் பாத்துதாண்ணா நடந்தேன்...” என்று என்னைப் பார்த்தே அழுதாள். அன்றே வெளியே அனுப்பினார்கள். திவாகர் அதே வாரத்தில் மறுபடி எடுத்துக் கொடுத்து நல்ல பெயரும் வாங்கிக்கொண்டார். நான் யாரைப் பழிவாங்கினேன், சொல்லுங்கள்!

இரண்டு வருடம் கழித்து மர்பி டவுன் மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். நாலு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பதாகச் சொன்னாள். பிறகு, நான் கேட்காமலே...

“யோசிச்சு யோசிச்சு பாத்தேண்ணா. என் கால்தான் பட்டிருக்கணும். சார் எவ்ளோ அவமானப்பட்டாரு பாவம்... நான் சாரி கேட்டேன்னு சொல்லிடுங்கண்ணா.”

“சரிம்மா, சொல்றேன்” என்றேன்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருந்தால் அது திவாகரின் காதுக்குப் போகும். அவர் முன்னால் நான் குற்றவாளியாக நிற்க வேண்டும்... அந்தச் சுகத்தை அவருக்குக் கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அதற்காக ஸ்டெல்லாவை இன்றும் அப்படியே நிற்க வைத்திருக்கிறேன்.