அட்டிகை மறைத்த தழும்பு

எண்பதுகளில் என் மகள் தேவி, ஃபெர்ரி ஏறி அக்கரையிலுள்ள பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வந்தாள். திடீரென்று உடம்பு ஊதி, எந்நேரமும் தூங்கி வழிந்தாள்.

"சோம்பேறி! நீ ஏறினா ஃபெர்ரியே முழுகிடும்லா" என்று நாளெல்லாம் கேலி செய்தேன். கழுத்து வீங்கியதும்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

"இவங்க உடம்பே தைராய்டு சுரப்பிய எதிரின்னு நினைச்சு தாக்குதும்மா" என்றார் டாக்டர். "இது குடும்பத்துல தொடருதான்னு ஆராய்ச்சி பண்றோம். உங்க பக்கம் யாருக்காச்சும் இருந்துச்சா?"

ரத்தம் எடுக்க நின்ற நர்ஸ், தேவியைப் பெண் கேட்டிருந்த மாப்பிள்ளையின் அத்தை.

"யாருக்கும் இல்ல டாக்டர். நாங்கல்லாம் கல்லு மாதிரிலா" என்றேன்.

என் கழுத்திலேயே தைராய்டு ஆபரேஷன் தழும்பு இருந்தது. அதை மறைக்கத்தான் எப்போதும் அட்டிகை போட்டிருப்பேன். தேவிக்குத் தெரியும். அவள் என் கழுத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா டாக்டர், நான்தான் சோம்பேறி" என்றாள்.

எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. கை மட்டும் தானாகப் போய் அட்டிகையின் கொக்கியைக் கழற்றியது.

"எனக்கும் இருந்துச்சு, வெட்டி எடுத்தாங்க. என் ரத்தத்தையும் எடுத்துக்குங்க."

அந்தச் சம்பந்தம் கைகூடவில்லை. தேவி மாத்திரையில் தேறி, பிறகு வேறு இடத்தில் வாழ்க்கைப்பட்டாள்.

இன்றைக்கும் பேரப்பிள்ளைகளைக் கேலி செய்யாமல் எனக்குப் பொழுது போகாது. ஆனால் எது தூங்கி வழிந்தாலும், முதலில் அதன் கழுத்தைப் பார்ப்பேன். அப்புறம்தான் கேலி.