முன் சக்கரத்து உப்பு

மரக்காணம் உப்பளத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து எங்கள் பழைய பெரிய ஜீப்பு, வேகம் அறுபதைத் தொட்டாலே முன்பக்கம் உதறுகிறது. டிரைவர் முருகனின் கையில் ஸ்டீயரிங் நிற்கவில்லை. சக்கரம் கழன்றுவிடுமோ என்ற பயத்தில், "வண்டிய ஒழுங்காப் பாத்துக்க மாட்டியா?" என்று அவனைத் திட்டிக்கொண்டே வருகிறேன்.

அனுமந்தையில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் ஜாக்கி போட்டு, முன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார். "பேரிங் நல்லாத்தாங்க இருக்குது" என்று சக்கரத்தைக் கழற்றுகிறார். ரிம்முக்கு உட்புறம், ஒரே பக்கத்தில், சாம்பல் நிறச் சேறு காய்ந்து கல்லாய் ஒட்டியிருக்கிறது. ஒரு துணுக்கைப் பெயர்த்து நாக்கில் வைத்துத் துப்புகிறார்.

"உப்பளத்துச் சேறு. ஒரு பக்கமா வெயிட்டு ஏறினா ஒதறத்தான் செய்யும். உப்பு ஏத்துற லாரிக்காரங்களே ரோட்டுலதான் நிறுத்துவாங்க. யாருங்க உப்புப் பாத்திகிட்ட வண்டிய எறக்கச் சொன்னது?"

காலையில் வேண்டாம் என்ற முருகனை, படம் எடுக்கவேண்டும் என்று இறக்கவைத்தவன் நான். வாயைத் திறப்பதற்குள் முருகன் முந்திக்கொள்கிறான்.

"நாந்தாண்ணே. தெரியாம எறக்கிட்டேன்."

கடைக்காரர் என் கழுத்தில் தொங்கும் கேமராவை ஒருமுறை பார்த்துவிட்டு, மீதிச் சேற்றைச் சுரண்டுகிறார்.